படுத்த காலில் இரத்தம் உறைவது ஏன்? – வாசகர் கேள்வி பதில்

பக்கவாதம் வந்து மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்களுக்குக் காலில் இரத்தக்கட்டி வருவது பற்றிப் பல கடிதங்கள் வந்திருக்கின்றன. ஒரே சந்தேகத்தைப் பலர் எழுப்பியிருந்ததால் சிலவற்றைச் சேர்த்து, சுருக்கித் தந்திருக்கிறோம்.

என் அப்பாவுக்கு 74 வயது. போன வாரம் இடது கையும் காலும் விழுந்துவிட்டன. மூளைக்குப் போகும் இரத்தக்குழாயில் அடைப்பு என்றார்கள். வார்டில் இருக்கிறார். ‘காலிலும் கட்டி வரலாம், கவனமாக இருக்க வேண்டும்’ என்கிறார் டாக்டர். மூளையில் இருந்த கட்டிதான் காலுக்கு இறங்குமா? இது யாருக்கெல்லாம் வரும்? – வாசகி, ஈசூன்

இறங்காது. இரண்டும் வேறு வேறு. மூளையில் அடைத்தது தமனியில், அதாவது இதயத்திலிருந்து இரத்தம் கொண்டுபோகும் குழாயில், வந்த கட்டி. கழுத்துத் தமனியின் கொழுப்புப் படிவிலிருந்தோ இதயத்திலிருந்தோ கிளம்பி வந்திருக்கும். டாக்டர் சொல்லும் கட்டி காலின் உட்புறச் சிரைகளில், அதாவது இரத்தம் இதயத்துக்குத் திரும்பும் குழாய்களில், புதிதாக உண்டாவது. அது அங்கேயே இருந்தால் கால் வீங்கும். பிய்த்துக்கொண்டு கிளம்பினால் தொடை, வயிறு, இதயத்தின் வலப்பக்கம் வழியாக நேராக நுரையீரலுக்குப் போய் அடைக்கும். டாக்டர்கள் பயப்படுவது இந்த அடைப்புக்குத்தான்.

சிரை இரத்தம் காலிலிருந்து மேலேறி இதயத்துக்குத் திரும்ப வேண்டும். அதை மேலே தள்ளுவது கெண்டைக்கால் தசை. நாம் நடக்கும்போது ஒவ்வோர் அடிக்கும் அந்தத் தசை சிரையைப் பிழிந்துவிடுகிறது. பக்கவாதத்தில் அது அசையாமல் கிடப்பதால் இரத்தம் தேங்குகிறது. இரத்தம் தேங்குவது, குழாயின் உட்சுவர் பழுதாவது, இரத்தமே உறையும் குணம் கூடுவது என்ற மூன்றையும் 19ஆம் நூற்றாண்டு ஜெர்மானிய மருத்துவர் ருடோல்ஃப் ஃபிர்ஹோவின் பெயரால் இன்றும் மாணவர்களுக்குக் கற்பிக்கிறார்கள். பக்கவாத நோயாளியிடம் பெரும்பாலும் முதலாவதும் மூன்றாவதும் சேர்ந்தே இருக்கும்.

ஆகவே எல்லாவற்றுக்கும் முந்திய ஆபத்துக் காரணம் கால் அசையாததுதான். மருத்துவ ஆய்வுகள் இதற்கு வைத்துக்கொண்ட அளவுகோல் மிக எளியது: இன்னொருவர் துணையில்லாமல் கழிவறைக்கு நடந்து போக முடிகிறதா? முடியவில்லை என்றால் அவர் ஆபத்துப் பட்டியலில் இருக்கிறார். கட்டியும் பெரும்பாலும் விழுந்த காலில்தான் வரும். நல்ல காலில் வரவே வராது என்று சொல்வதற்கில்லை. கை மட்டும் விழுந்து தாராளமாக நடப்பவருக்கு ஆபத்து வெகுவாகக் குறைவு.

அடுத்தது, முன்பு ஒருமுறை காலிலோ நுரையீரலிலோ கட்டி வந்திருப்பது. பிறகு புற்றுநோய். சிலருக்குப் புற்றுநோய் இருப்பதே பக்கவாதத்துக்குப் பிறகுதான் தெரியவருகிறது. உடலில் நீர் வற்றுவது, நிமோனியா, சிறுநீர்த் தொற்று, இதயம் பலவீனமாகிக் கால் வீங்குவது, உடல் பருமன், முதுமை, தொடை இடுக்கில் போட்ட சிரைக் குழாய் ஆகிய ஒவ்வொன்றும் தன் பங்குக்கு ஆபத்தைக் கூட்டும். மூளையில் இரத்தம் கசிந்து வந்த பக்கவாதம் என்றால் ஆபத்து இன்னும் அதிகம். அவர்களுக்கு மருந்தைத் தள்ளிப்போட வேண்டியிருப்பதும் அதற்கு ஒரு காரணம்.

மருந்துகளையும் மறந்துவிடாதீர்கள். கருத்தடை மாத்திரை, மாதவிடாய் நின்ற பிறகு எடுக்கும் ஹார்மோன் மாத்திரை, மார்பகப் புற்றுநோய்க்குப் பின் கொடுக்கும் டமாக்ஸிஃபென் ஆகியவை இரத்தம் உறைவதைக் கூட்டும்.

வீட்டார் உதவ வேண்டிய இடம் இது. பேச்சு குழறிப்போனவர் தன் பழைய கதையைச் சொல்ல முடியாது. ‘அம்மாவுக்குப் பிரசவத்துக்குப் பிறகு ஒரு கால் வீங்கி மாதக்கணக்கில் ஊசி போட்டார்கள்’, ‘சித்தப்பாவுக்கு 40 வயதிலேயே நுரையீரலில் கட்டி வந்தது’ போன்ற செய்திகள் டாக்டருக்குப் பொன் போன்றவை. குறிப்பாகத் திருச்சியிலோ சென்னையிலோ பார்த்த சிகிச்சை சிங்கப்பூர் மருத்துவமனைக் கணினிப் பதிவில் இருக்காது. நீங்கள் சொன்னால்தான் உண்டு.

இரத்தக்கொதிப்பு, நீரிழிவு, கொழுப்பு மூன்றும் பக்கவாதத்துக்குப் பெரிய காரணங்கள். சிரையில் கட்டி வருவதில் அவற்றின் பங்கு சிறியது. ‘அப்பாவுக்குச் சர்க்கரை இல்லை, அதனால் கட்டி வராது’ என்று நினைப்பது தவறு. ஆசியர்களுக்கு இது அரிது என்ற பழைய எண்ணமும் தேறவில்லை. அல்ட்ராசவுண்ட் வைத்துத் தேடிப் பார்த்த இடங்களில், சிங்கப்பூரிலும்கூட, ஒரு தொந்தரவும் காட்டாத கட்டிகள் நிறையவே கிடைத்திருக்கின்றன.

காலக்கணக்கு: இரண்டாம் நாளிலிருந்தே கட்டி உருவாகலாம், முதல் வாரத்தில் அதிகம். நுரையீரல் அடைப்பு அதற்குப் பிறகு, பெரும்பாலும் இரண்டாம் வாரத்திலிருந்து நான்காம் வாரத்துக்குள் வருகிறது. ‘ஆபத்துக் கட்டம் தாண்டிவிட்டது’ என்று குடும்பம் மூச்சுவிடும் நேரம் அது.

அவருக்கு ஏற்கெனவே ஆஸ்பிரின் கொடுக்கிறார்கள். அதுவும் ‘இரத்தத்தை இளக்கும்’ மருந்துதானே? பிறகு வயிற்றில் ஏன் தனியாக ஊசி? – வாசகர், பிடோக்

இரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதை ஆஸ்பிரின் தடுக்கிறது. தமனிக் கட்டிக்கு அது சரியான மருந்து. சிரைக் கட்டியில் பெரும்பகுதி ஃபைப்ரின் என்ற நார்வலை. அந்த வலை பின்னப்படுவதைத் தடுப்பது ஹெப்பாரின் வகை ஊசிகள். ஆஸ்பிரின் சிரைக்குக் கொஞ்சம் உதவும், ஆனால் அதை மட்டும் நம்பி இருக்க முடியாது.

வழக்கமாகப் போடுவது இனாக்ஸபாரின் 40 மில்லிகிராம், நாளுக்கு ஒரு முறை; அல்லது சாதாரண ஹெப்பாரின் 5,000 யூனிட், நாளுக்கு இரண்டோ மூன்றோ முறை. இரண்டையும் அடைப்பு வகைப் பக்கவாதக்காரர்களிடம் ஒப்பிட்டு 2007இல் வெளிவந்த ஆய்வில் இனாக்ஸபாரின் போட்டவர்களில் 10 விழுக்காட்டினருக்கும் ஹெப்பாரின் போட்டவர்களில் 18 விழுக்காட்டினருக்கும் கட்டி வந்தது. ஆனால் மூளைக்கு வெளியே ஏற்படும் பெரிய இரத்தக்கசிவு இனாக்ஸபாரினில் சற்று கூடுதல். இதனால்தான் எல்லோருக்கும் கண்ணை மூடிக்கொண்டு போடுவதில்லை. சிறுநீரகம் பழுதானவருக்கு அளவைக் குறைப்பார்கள் அல்லது ஹெப்பாரினுக்கு மாற்றுவார்கள். அடைப்பைக் கரைக்கும் மருந்து ஏற்றியிருந்தால் 24 மணி நேரம் கழித்து, மறுபடி ஸ்கேன் எடுத்துப் பார்த்த பிறகுதான் தொடங்குவார்கள்.

ஊசி போட்ட இடம் நீலம் பாரிப்பது சகஜம். அதைத் தேய்த்துவிட வேண்டாம்; தேய்த்தால் இன்னும் பரவும். ஊசி தொடங்கி ஐந்தாம் நாளிலிருந்து பத்தாம் நாள் வரை தட்டணு எண்ணிக்கை திடீரென்று இறங்குகிறதா என்று பார்க்க இரத்தம் எடுப்பார்கள். ஹெப்பாரினே சிலருக்குத் தட்டணுக்களைக் குறைத்து, புதிய கட்டிகளையும் உண்டாக்கிவிடும். அரிது என்றாலும் தவறவிடக் கூடாதது.

என் மாமியாரின் இரண்டு காலிலும் பட்டை சுற்றி, காற்றடிக்கும் பம்ப்பை மாட்டியிருக்கிறார்கள். ராத்திரி சத்தத்தில் தூக்கம் வரவில்லை, வியர்க்கிறது என்று கழற்றச் சொல்கிறார். மருந்துக் கடையில் நல்ல இறுக்கமான ஸ்டாக்கிங் வாங்கி வந்திருக்கிறேன். பம்ப்புக்குப் பதிலாக அதைப் போடலாமா? – வாசகி, புக்கிட் பாத்தோக்

வேண்டாம். ஸ்டாக்கிங்கைத் திருப்பிக் கொடுக்க முடிந்தால் கொடுத்துவிடுங்கள்.

அறுவை சிகிச்சை நோயாளிகளுக்கு ஸ்டாக்கிங் பயன்பட்டதால் பக்கவாதத்துக்கும் பயன்படும் என்று பல ஆண்டுகள் நம்பியிருந்தார்கள். 2,500க்கும் அதிகமான நோயாளிகளை வைத்து நடந்த கிளாட்ஸ் ஆய்வு 2009இல் வெளிவந்தபோது அந்த நம்பிக்கை உடைந்தது. தொடை வரை ஸ்டாக்கிங் போட்டவர்களில் 10 விழுக்காட்டினருக்குக் கட்டி, போடாதவர்களில் 10.5. வித்தியாசம் இல்லை என்றே சொல்லலாம். ஆனால் தோல் கிழிதல், கொப்புளம், புண் ஆகியவை போட்டவர்களில் 5 விழுக்காடு, போடாதவர்களில் 1. உணர்ச்சி மரத்த கால் என்பதால் ஸ்டாக்கிங் சுருண்டு இறுக்குவது நோயாளிக்கே தெரியாது. நீரிழிவோ காலில் இரத்த ஓட்டக் குறைவோ இருந்தால் அந்தப் புண் ஆறவும் ஆறாது.

பம்ப் வேறு. கெண்டைக்கால் செய்யாத வேலையை அது செய்கிறது. அதே ஆய்வு வரிசையில் 2013இல் வெளிவந்த மூன்றாவது ஆய்வில், நடக்க முடியாத 2,876 நோயாளிகளில் பம்ப் போட்டவர்களுக்கு 8.5 விழுக்காடும் போடாதவர்களுக்கு 12.1 விழுக்காடும் கட்டி வந்தது. ஆனால் பம்ப் மாட்டியிருந்தால்தான் பலன். குளிப்பாட்ட, பயிற்சிக்கு, ஸ்கேனுக்கு என்று கழற்றியதை மறுபடி மாட்ட மறப்பதுதான் வார்டுகளில் நடக்கும் பெரிய தவறு. அடுத்தது, மாட்டியிருந்தும் சுவிட்ச் போடாமல் இருப்பது. படுக்கைக் கம்பியில் குழாய் மாட்டி மடங்கிப்போவதும் உண்டு. நீங்கள் போகும்போது பட்டையின் மேல் கையை வைத்துப் பாருங்கள். ஒரு நிமிடத்துக்குள் அது இறுகித் தளர வேண்டும். இல்லையென்றால் தாதியிடம் சொல்லுங்கள். கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

தூக்கத்துக்கு வழி: பம்ப்பைக் கட்டிலின் கால்மாட்டில், தலையிலிருந்து தள்ளித் தொங்கவிடச் சொல்லுங்கள். வியர்வைக்கு, பட்டையின் உள்ளே மெல்லிய பருத்தி உறை போடலாமா என்று கேளுங்கள். நாளுக்கு மூன்று வேளையாவது கழற்றித் தோலைப் பார்க்க வேண்டும், முக்கியமாகக் குதிகால், கணுக்கால் எலும்பு, முழங்காலின் பின்புறம். இதய பலவீனத்தால் கால் நன்றாக வீங்கியவர், காலில் புண் உள்ளவர், கால் தமனியில் கடும் அடைப்பு உள்ளவர், ஏற்கெனவே காலில் கட்டி உள்ளவர் ஆகியோருக்குப் பம்ப் ஆகாது. மூன்று நாளுக்கு மேல் ஒரு தடுப்பும் இல்லாமல் படுத்திருந்தவருக்கு, பல இடங்களில் முதலில் அல்ட்ராசவுண்ட் பார்த்துவிட்டே மாட்டுவார்கள்.

நடக்கத் தொடங்கும் வரை, அல்லது 30 நாள் வரை பம்ப் தொடரும். மாமியாரிடம் இந்தக் கடைசிக் கணக்கைச் சொல்லுங்கள். முடிவு தெரிந்தால் பொறுத்துக்கொள்வார்.

கணவருக்கு மூளையில் இரத்தக்கசிவு. கட்டி வராமல் இருக்க ஊசி போட்டால் கசிவு கூடிவிடாதா? – வாசகி, தோ பாயோ

கூடலாம், அதனால்தான் முதல் நாளில் போடுவதில்லை. முதல் நாளிலிருந்தே பம்ப். மறு ஸ்கேனில் கசிவு பெருகவில்லை, இரத்த அழுத்தமும் கட்டுக்குள் இருக்கிறது என்று தெரிந்த பிறகு, பெரும்பாலும் 24 முதல் 48 மணி நேரம் கழித்தோ, சிலருக்கு இன்னும் சில நாள் பொறுத்தோ, குறைந்த அளவு ஹெப்பாரின் சேர்ப்பார்கள். இதற்குள் தொடைச் சிரையில் கட்டி வந்துவிட்டு, முழு அளவு மருந்து கொடுக்க முடியாத நிலை என்றால், வயிற்றின் பெருஞ்சிரையில் கட்டியைத் தடுக்கும் சல்லடை வைப்பதுண்டு. அதை வைத்தால் எப்போது எடுப்பார்கள் என்பதையும் அன்றே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். வைத்ததை மறந்துபோவது நடக்கிறது.

வாப்பாவுக்குப் போடும் ஊசி பன்றியிலிருந்து எடுத்தது என்று உறவினர் ஒருவர் சொல்கிறார். உண்மையா? வேறு வழி உண்டா? – வாசகர், கம்போங் கிளாம்

உண்மை. ஹெப்பாரினும் இனாக்ஸபாரினும் பன்றிக் குடலின் உட்சவ்விலிருந்து தயாராகின்றன. முழுக்க வேதியியல் முறையில் செய்யப்படும் ஃபோண்டபாரினக்ஸ் என்ற ஊசி உண்டு. தடுப்புக்கு நாளுக்கு 2.5 மில்லிகிராம். ஆனால் சிறுநீரகம் மோசமானவருக்கு அது ஆகாது. போட்டால் ஒரு நாளுக்கு மேல் உடலில் நிற்கும். கசிவு ஏற்பட்டால் அதன் வேலையை நிறுத்த மாற்று மருந்து இல்லை. பக்கவாதத்தின் முதல் நாள்களில் இந்தக் கடைசி விஷயம் சின்னதல்ல. பம்ப்பில் எந்த மருந்தும் இல்லை என்பதையும் கணக்கில் வையுங்கள். பலருக்கு அதுவே போதுமாக இருக்கும்.

டாக்டரிடம் நேரடியாகக் கேளுங்கள். இங்குள்ள மருத்துவமனைகளுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. உயிர் காக்கும் அவசியத்தில் சலுகை உண்டு என்பதே மார்க்க அறிஞர்கள் பலரும் சொல்வது. உங்கள் மனம் தெளிய உங்கள் உஸ்தாஸிடமும் கேட்டுக்கொள்ளலாம். செய்யக் கூடாதது ஒன்றுதான்: யாரிடமும் சொல்லாமல் ஊசியை மட்டும் மறுத்துவிட்டுச் சும்மா இருப்பது.

அப்பாவின் விழுந்த கால் வீங்கியிருக்கிறது. நல்லெண்ணெய் தேய்த்து நீவிவிட்டால் சரியாகும் என்கிறார் அத்தை. மலாய் உருட் (பாரம்பரிய மசாஜ்) செய்பவரையும் கூப்பிடலாம் என்கிறார்கள். – வாசகர், செங்காங்

இப்போது வேண்டாம். வீக்கத்துக்குக் காரணம் கட்டி என்றால், கெண்டைக்காலை அமுக்கி மேல்நோக்கி நீவுவது அதைப் பெயர்த்துவிடலாம். முதலில் தாதியிடம் காட்டுங்கள். ஸ்கேனில் கட்டி இல்லை என்று தெரிந்தபின், வறண்ட தோலுக்கு மெதுவாக எண்ணெய் தடவுவதில் தவறில்லை. பிசியோ (இயன்முறை சிகிச்சையாளர்) சொல்லிக்கொடுத்தபடி காலை மடக்கி நீட்டுவதும் நல்லதே. அது நீவுவது போன்றதல்ல.

விழுந்த கால் தொங்கியே இருந்தால் கட்டி இல்லாமலும் வீங்கும். அதனால் அளந்து பார்ப்பது நல்லது. முழங்காலுக்குக் கீழே முன்புறம் தட்டுப்படும் எலும்பு முடிச்சிலிருந்து 10 சென்டிமீட்டர் இறங்கி, இரண்டு கெண்டைக்காலையும் தையல் டேப்பால் சுற்றி அளந்து பாருங்கள். 3 சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் உடனே சொல்லுங்கள். காலில் சூடு, நிறமாற்றம், தொட்டால் முகம் சுளிப்பது ஆகியவையும் அறிகுறிகள். உணர்ச்சி மரத்தவருக்கு வலியே இருக்காது என்பதை நினைவில் வையுங்கள். பாதத்தை மேலே வளைத்து ‘வலிக்கிறதா’ என்று சோதிக்கும் பழைய முறையை நம்ப முடியாது.

டி-டைமர் என்ற இரத்தப் பரிசோதனை பக்கவாதத்திலேயே ஏறியிருக்கும், அதனால் அது ஏறியிருப்பதை வைத்து மட்டும் முடிவு செய்ய மாட்டார்கள். சிரையை அமுக்கிப் பார்க்கும் அல்ட்ராசவுண்ட்தான் வழி. முதல் ஸ்கேனில் ஒன்றும் தெரியாமல் சந்தேகம் மட்டும் நீடித்தால் ஒரு வாரத்தில் மறுபடி எடுப்பார்கள்.

திடீர் மூச்சுத்திணறல், மூச்சை இழுத்தால் நெஞ்சில் குத்தல், காரணமில்லாமல் நாடி வேகமாவது, ஆக்ஸிஜன் இறங்குவது, மயக்கம்: இவை நுரையீரல் அடைப்பாக இருக்கலாம். வார்டில் மணியை அழுத்துங்கள். வீட்டில் இருந்தால் 995இல் ஆம்புலன்ஸை அழையுங்கள்.

விழுங்கச் சிரமம் என்று அம்மாவுக்குத் தண்ணீரைப் பொடி போட்டுக் கெட்டியாக்கிக் கொடுக்கிறார்கள். பிடிக்காமல் இரண்டு வாய்க்கு மேல் குடிப்பதில்லை. – வாசகி, உட்லண்ட்ஸ்

நீர் வற்றினால் இரத்தம் தடிக்கும். பக்கவாதம் வந்தவர்களில் நீர் வற்றியவர்களுக்குக் கட்டி அதிகம் வருவது ஆய்வுகளில் தெரிந்த விஷயம். பாவம் என்று சாதாரணத் தண்ணீரைத் திருட்டுத்தனமாகக் கொடுக்காதீர்கள். அது நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியாவானால் அந்தத் தொற்றே கட்டிக்கு இன்னொரு காரணமாகும்.

வெறும் தண்ணீரைவிட ரசம், மோர், மைலோ, கோப்பி ஆகியவற்றைச் சொன்ன கெட்டித்தன்மைக்குக் கொண்டுவந்து கொடுங்கள். மோரும் ரசமும் பலருக்கு இறங்கும். எந்த அளவுக் கெட்டி என்பதைப் பேச்சு, விழுங்கல் சிகிச்சையாளர் எண் போட்டுச் சொல்லியிருப்பார். பொடி போட்டதும் உடனே பதம் பார்க்காதீர்கள், சில நிமிடம் விட்டால் இன்னும் இறுகும். அரைமணிக்கு ஒருமுறை நாலைந்து கரண்டி என்று கொடுத்து, கொடுத்ததை மில்லிலிட்டரில் எழுதி வையுங்கள். இதயத்துக்கோ சிறுநீரகத்துக்கோ தண்ணீர் அளவு கட்டுப்பாடு இல்லாதவர் என்றால் நாளுக்கு ஒன்றரை லிட்டராவது போக வேண்டும். போகவில்லை என்றால் அந்தத் தாளைக் காட்டுங்கள். டிரிப்போ மூக்குக் குழாயோ தேவையா என்று முடிவு செய்வார்கள். டயப்பர் நனையும், மகனைத் தொந்தரவு செய்கிறோம் என்று வேண்டுமென்றே குடிக்காத பெரியவர்களும் இருக்கிறார்கள். மகளோ மருமகளோ தனியாகக் கேட்டால் சொல்வார்கள்.

சீக்கிரம் எழுப்பி நடக்கவைத்தால் கட்டி வராதல்லவா? – வாசகர், ஜூரோங் வெஸ்ட்

அவசரப்படுத்த வேண்டாம். சிங்கப்பூர், மலேசியா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, பிரிட்டன் ஆகிய ஐந்து நாடுகளில் 2,104 நோயாளிகளை வைத்து நடந்த அவெர்ட் ஆய்வு 2015இல் வெளிவந்தது. 24 மணி நேரத்துக்குள் எழுப்பி, அடிக்கடி, அதிக நேரம் பயிற்சி கொடுத்தவர்களில் 46 விழுக்காட்டினர் மூன்று மாதத்தில் நன்றாகத் தேறியிருந்தார்கள். வழக்கமான கவனிப்பில் 50. முதல் நாளில் பிசியோ சொல்வதற்கு மேல் போகாதீர்கள். நாற்காலியில் நாலு மணி நேரம் கால் தொங்க உட்காரவைப்பதும் நடை ஆகாது. முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்து மடக்கியே படுக்கவைப்பதையும் தவிருங்கள், அங்குள்ள சிரை அமுங்கும்.

அப்பாவைச் சமூக மருத்துவமனைக்கு மாற்றப் போகிறார்கள். அங்கிருந்து வீட்டுக்கு வந்ததும் ஊருக்கு அழைத்துப்போக ஆசை. ஊசி எதுவரை? விமானத்தில் போகலாமா? – வாசகர், பொங்கோல்

மாற்றும் நாள்தான் தடுப்பு அறுந்துபோகும் நாள். பம்ப் பழைய வார்டோடு நின்றுவிடும், ஊசி மருந்துச் சீட்டில் விட்டுப்போகும். மூன்று கேள்விகளைக் கேட்டு எழுதிவாங்குங்கள்: எந்தத் தடுப்பு தொடர்கிறது, எந்தத் தேதி வரை, நிறுத்த யார் முடிவு செய்வார்? துணையில்லாமல் நடக்கத் தொடங்கியதும் பொதுவாக நிறுத்துவார்கள். இதயத் துடிப்புக் கோளாறுக்காக முழு அளவு இரத்த இளக்கி தொடங்கிவிட்டால் தடுப்பு ஊசி தேவையில்லை. இரண்டும் சேர்ந்து ஓடக் கூடாது. கட்டி வந்தே விட்டவர்களுக்குக் குறைந்தது மூன்று மாதம் மருந்து உண்டு. அதில் ரிவராக்ஸபான் என்ற இரத்த இளக்கியின் 15, 20 மில்லிகிராம் மாத்திரைகளைச் சாப்பாட்டோடுதான் போட வேண்டும், வெறும் வயிற்றில் சரியாக உடலில் சேராது.

திருச்சிக்கோ சென்னைக்கோ சுமார் நான்கு மணி நேரப் பயணம். விமான நிலையத்தில் காத்திருப்பதும் அங்கிருந்து காரில் போவதும் சேர்ந்தால் எட்டு, பத்து மணி நேரம் உட்கார்ந்தே இருக்க வேண்டியிருக்கும். முதல் மாதத்தில், அதுவும் நடக்க முடியாத நிலையில், தள்ளிப்போடுவதே மேல். பிறகு போவதென்றால் டிக்கெட் எடுக்கும் முன்பே டாக்டரிடம் சொல்லி, விமான நிறுவனத்தின் மருத்துவப் படிவத்தை நிரப்பி வாங்குங்கள். பக்கவாதம் வந்து அதிக நாளாகாதவரை அது இல்லாமல் ஏற்றாமல் விடலாம். விழுந்த கால் நடைபாதைப் பக்கம் வரும்படி இருக்கை கேளுங்கள், நீட்டவும் மணிக்கொருமுறை கணுக்காலை அசைத்துவிடவும் இடம் இருக்கும். கழிவறை போக நேரும் என்று தண்ணீரைக் குறைக்க வேண்டாம். பயணத்துக்கு முன் ஊசி தேவையா என்பதை டாக்டர் மட்டுமே சொல்ல வேண்டும். போன முறை மிஞ்சிய சிரிஞ்சை வீட்டிலேயே போட்டுவிடாதீர்கள்.